நாற்பத்திரண்டு டிகிரியில் வளர்ந்தது

ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையின் அடியில் இருந்த மூன்று வரிகளை நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அந்த வரிகள் சரி என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். அவற்றை எழுதியவர் வேறொருவர் என்பது ஒன்றே காரணம். அதற்குப் பிறகு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டர்னருக்கு இடது கண் பார்வை போயிற்று. வரிகளை எழுதிய லேப் டெக்னீஷியன் அம்மாவின் மேல் பழி விழுந்தது. பழி விழுந்த அறையில் நானும் இருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். பேசாமல் இருந்திருந்தால்கூட இத்தனை பாவம் இல்லை.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியாமல் அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேபுக்குத் தலைவனாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது அல்ல, என்னுடையது.

லேப் தரைத்தளத்தில் இருந்தது. எனக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சிறிய அறை. அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்த அம்மாவின் முதுகு தெரியும். ஆவடியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். லேப் டெக்னீஷியன் டிப்ளமாவோடு வந்து, பத்தொன்பது வருடமாக அதே மேசையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும்.

கிருமிகளை இளஞ்சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரின் முகப்பில் வெப்பநிலை எண் ஒளிரும். அவர் அதைப் பார்த்துவிட்டு, கதவில் புறங்கையையும் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறந்தவுடன், மூக்கருகே கொண்டுபோகாமலே, வாசனையில் பாதி சொல்லிவிடுவார். மறுநாள், கிருமியை அடையாளம் காணும் கருவி அதே பெயரைத் தாளில் அச்சடித்துத் தரும். எனக்குப் பட்டம் இருந்தது, பதக்கம் இருந்தது, நான் பாடம் சொன்ன மாணவர்கள் பல ஊர்களில் பேராசிரியர்களாக இருந்தார்கள். அந்த மூக்கு எனக்கு இல்லை.

"மூக்கால ரிப்போர்ட் போடாதம்மா. ஆபத்து," என்றேன் ஒரு நாள். விதிப்படி அது சரியான புத்திமதி. ஆனால் நான் அதை விதிக்காகச் சொல்லவில்லை.

"சரி சார். பழக்க தோஷம்," என்று சிரித்தார். சிரித்தது என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றிற்று. இன்றைக்கு யோசித்தால், அது வெறும் சிரிப்பு.

எரிச்சலாகத் தொடங்கியதைப் பொறாமை என்று எனக்கே புரிய வைத்தது தொலைபேசி. ஐசியூவில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல படிப்பாளி. ஒரு நாள் லேப் போன் அடித்தது. அந்த அம்மா கை கழுவப் போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"லேபா? அக்கா இருக்காங்களா?"

"நான் டாக்டர் பேசறேன். சொல்லுங்க."

"ஓ, சார், வணக்கம் சார். இல்ல, ஒண்ணுமில்ல சார். அக்கா வந்தா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. சும்மாதான்."

அந்த 'சும்மாதான்' ஒரு வாரம் காதில் கிடந்தது. பதின்மூன்றாம் படுக்கை நோயாளியின் மூத்திரத்தில் என்ன வளர்ந்தது என்று கேட்கத்தான் அவர் போன் செய்திருந்தார். என்னிடம் கேட்டிருக்கலாம். நான் தாளைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அந்த அம்மா தாளைப் பார்க்காமல் சொல்வார், கூடவே "அந்த மருந்து கேக்காது டாக்டர், வேற யோசிங்க" என்றும் சொல்வார். டாக்டருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிறகு அவர் லேபுக்கே இறங்கி வர ஆரம்பித்தார். உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மா பக்கத்தில் உட்காருவார். இருவரும் மாறி மாறி மைக்ராஸ்கோப்பில் குனிவார்கள். கண்ணாடிக்குள் இருந்து எனக்கு உதடசைவு மட்டும் தெரியும். போகும்போது என் அறைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார். கோயிலுக்குள் போக நேரமில்லாதவன் தெருவில் நின்று போடுவானே, அந்த மாதிரிக் கும்பிடு. அறுவைச் சிகிச்சை டாக்டரும் அப்படித்தான். டீ வந்தால் தாழ்வாரத்தில் நின்று மூன்று பேரும் குடிப்பார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

ஒரு திங்கட்கிழமை, லேபில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு விதி போட்டேன். இனி ஐசியூவுக்கு என்ன தகவல் போனாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். டெக்னீஷியன் யாரும் வார்டுக்கு நேரடியாகப் போன் செய்யக் கூடாது. இதைத் தாளில் எழுதவில்லை. வாயால் சொன்னதோடு சரி.

"சார், நீங்க இல்லாத நேரத்துல ஏதாவது வந்துச்சுன்னா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எனக்குப் போன் பண்ணு. எடுப்பேன்."

"எடுக்கலைன்னா சார்?"

"எடுப்பேன்னு சொன்னேன்ல."

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்த டர்னர் வந்து சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயது, முத்தாபுதுப்பேட்டைக்காரர். குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக அறுவைச் சிகிச்சை ஆனது. அறுவை நன்றாகத்தான் முடிந்தது. பத்து நாள் ஐசியூவில் கிடந்தார். சாப்பிட முடியாததால் கழுத்து நரம்பில் குழாய் போட்டு அதன் வழியாகச் சத்து ஏற்றினார்கள். தேறி வருகிறார் என்று நினைத்த வேளையில் காய்ச்சல் ஏறிற்று. ரத்தம் எடுத்துப் பாட்டிலில் போட்டு அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலை, பாட்டிலுக்குள் ஏதோ வளர்கிறது என்று கருவி சமிக்ஞை கொடுத்தது. அந்த அம்மா ஒரு சொட்டு எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தார். பாக்டீரியா இல்லை. மொட்டு விட்டுக்கொண்டிருந்த ஈஸ்ட்.

ஈஸ்ட் என்றால் இட்லி மாவும் ரொட்டியும்தான் பலருக்கு நினைவு வரும். அதன் உறவுகளில் சில நம் தோலிலும் குடலிலும் சாதுவாக வாழ்கின்றன. உடம்பு தளர்ந்து, நரம்பில் குழாய் இருந்து, பல நாள் ஆன்டிபயாடிக் ஓடிய ஆளின் ரத்தத்துக்குள் அவை புகுந்துவிட்டால் கதை வேறு. கண்ணில் போய் உட்காரும், இதயத்தில் உட்காரும், ஆளையே கொண்டுபோகும். அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற மருந்தைப் பல வருடமாகக் கொடுத்துப் பழகியிருந்தோம். ரத்தத்தில் ஈஸ்ட் என்றால் ஃப்ளூகோனசோல் என்று கை தானாக எழுதும். பாக்டீரியாவுக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சோதிப்பதைப்போல ஈஸ்டுக்கு எங்கள் லேபில் சோதிக்கும் வழக்கம் இல்லை. பெயரைச் சொல்வோம், அதோடு முடிந்தது.

இந்த இடைவெளியில்தான் ஒரு புதிய வகை ஈஸ்ட் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்திருந்தது. கட்டில் கம்பியிலும் நோயாளியின் தோலிலும் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் மசியாது. எங்களிடம் இருந்த பழைய கருவிக்கு அதன் பெயர் தெரியாது; தனக்குத் தெரிந்த வேறொரு உறவினத்தின் பெயரைத் துணிச்சலாக அச்சடித்துக் கொடுத்துவிடும். இதையெல்லாம் நான் ஒரு கருத்தரங்கில் கேட்டு, குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதி வைத்ததோடு சரி.

வியாழக்கிழமை மதியமே ஐசியூவில் ஃப்ளூகோனசோல் ஆரம்பித்துவிட்டார்கள். ஈஸ்ட் என்ற தகவலை நான்தான் போனில் சொன்னேன். சனிக்கிழமை காலை கருவி ஒரு பெயர் கொடுத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை வந்தே இராத பெயர். அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆனால் அதற்கு முந்தைய நாளே, யாரும் சொல்லாமல், அவர் இரண்டு காரியம் செய்து வைத்திருந்தார். மூலையில் கிடந்த பழைய இன்குபேட்டரை நாற்பத்திரண்டு டிகிரிக்கு வைத்து ஒரு தட்டை அதற்குள் போட்டிருந்தார். இன்னொரு தட்டில் ஈஸ்டைப் பூசி நடுவில் ஃப்ளூகோனசோல் வில்லை ஒன்றை வைத்திருந்தார். மருந்து கேட்கும் என்றால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழ வேண்டும்.

இரண்டு தட்டையும் என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"நாப்பத்திரண்டுல நல்லா வளந்திருக்கு சார். சாதாரண வகை இந்தச் சூட்டுல இவ்ளோ வளராது. இங்க பாருங்க, வில்லையோட விளிம்பு வரைக்கும் ஏறி வந்திருக்கு. வட்டமே இல்ல. மிஷின் சொல்ற பேரு தப்புன்னு நினைக்கிறேன். இது அந்தப் புதுசா இருக்கும் சார்."

நான் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சந்தேகமே இல்லை. நீலச்சாயம் கலந்த தட்டில் வில்லையைச் சுற்றிப் புல்தரை மாதிரி வளர்ந்திருந்தது.

அந்த நேரத்தில் என் மனம் எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். படுத்திருந்த ஆளிடம் போகவில்லை. எங்கள் வட்டாரத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு டிப்ளமாக்காரர் என்று ஐசியூ டாக்டர் எல்லோரிடமும் சொல்லப்போகிறார் என்பதற்குப் போயிற்று. கருத்தரங்குக் குறிப்பேடு என் பையில் இருந்தது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது, எனக்குத் தோன்றவில்லை.

"எதுக்கும் மறுபடி ஒரு தடவை போட்டுப் பாரு. அவசரப்படாதே," என்றேன்.

"போடறேன் சார். ஆனா ஐசியூவுக்கு இப்பவே ஒரு வார்த்தை..."

"நான் பார்த்துக்கறேன்."

எங்கள் முறை இதுதான். டெக்னீஷியன் பணித்தாளில் பென்சிலால் எழுதுவார். தட்டச்சு செய்பவர் அதை வரைவாக அடித்து என்னிடம் தருவார். நான் சிவப்பில் திருத்தினால், திருத்திய நகல் வரும், அதில் கையெழுத்துப் போடுவேன். அன்று மதியம் வந்த வரைவின் அடியில் மூன்று வரிகள் இருந்தன. கருவி தந்த பெயரை முடிவாகக் கொள்ள வேண்டாம். நாற்பத்திரண்டு டிகிரியில் வளர்கிறது, ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படவில்லை. மருந்தை மாற்றுவதையும் கழுத்துக் குழாயை எடுப்பதையும் பரிசீலிக்கவும். பேராசிரியர் ஒருவர் எழுதினால் இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க முடியாது. மூன்றையும் அடித்தேன். கருவி சொன்ன பெயரோடு அறிக்கை மேலே போயிற்று.

திங்கட்கிழமை காலை டாக்டர்கள் கூட்டம் இருந்தது. அதில் நானே எழுந்து சொல்வதாகத் திட்டம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அதற்குப் படங்கள்கூடத் தயார் செய்தேன். 'நாற்பத்திரண்டு டிகிரியில் வளர்ச்சி' என்று ஒரு தலைப்பு. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். மாணவர்களுக்கு முப்பது வருடம் நேர்மாறாகச் சொன்னவன் நான். ரத்தத்தில் ஈஸ்ட் இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பூந்தமல்லியில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்த அம்மாவின் எண். கோயிலில் பூசை முடிந்து நேரே லேபுக்குப் போயிருக்கிறார், மறுபடி போட்ட தட்டைப் பார்க்க. இதுவும் எனக்குத் தெரியும். தட்டு என்ன காட்டியிருக்கும் என்பதும் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"யாரு?" என்றாள் மனைவி.

"லேப்ல இருந்து. முக்கியமில்ல."

ஒரு முறைதான் அடித்தது. அதற்கு மேல் என்னைத் தொந்தரவு செய்ய அவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை அவருக்கு வரவழைத்தவன் நான்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்பே ஐசியூ டாக்டர் தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். காய்ச்சல் இறங்கவில்லை, காலையிலிருந்து டர்னர் இடது கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது என்கிறார், கண் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம், ஈஸ்ட் பற்றி வேறு ஏதாவது தெரியுமா சார் என்றார். நான் அந்த இடத்திலேயே சொன்னேன். இது ஃப்ளூகோனசோலுக்குக் கேட்காத புதிய வகை என்று சந்தேகிக்கிறேன் என்றேன். 'சந்தேகிக்கிறேன்' என்று, என் பெயரில். அவர் திரும்பி ஓடினார். அரை மணியில் மருந்து மாறியது, குழாய் வெளியே வந்தது.

ஆள் பிழைத்தார். கண்ணின் உள்ளே வெள்ளைத் திட்டுகள் பிடித்திருந்தன. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், அறுவையும் செய்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம், இருட்டு தெரிவது மட்டும் மிஞ்சிற்று.

கண் டாக்டர் பிற்பாடு என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னார்: "ஈஸ்ட் வெள்ளிக்கிழமையே கண்ணுக்குப் போயிருக்கலாம் சார், யாருக்குத் தெரியும்." அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நான் இரண்டு வருடம் ஒளிந்திருந்தேன். போயிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாளை அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

விசாரணைக் கூட்டம் கூடியது. மருத்துவக் கண்காணிப்பாளர், ஐசியூ டாக்டர், நான், அந்த அம்மா. மறு சோதனையின் தட்டு ஞாயிற்றுக்கிழமையே தயாராக இருந்தும் ஏன் ஐசியூவுக்குத் தகவல் போகவில்லை என்பது கேள்வி. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"சாருக்குப் போன் பண்ணேன்," என்றார். விதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் சொன்ன ஒரு வாக்கியம் இது: "ஒரு மிஸ்டு கால் இருந்தது. அவசரம்னா மறுபடி பண்ணியிருக்கலாம், இல்ல ஐசியூவுக்கே சொல்லியிருக்கலாம்."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தேர்வில் கேள்வி மாறி வந்துவிட்ட மாணவி மாதிரி விழித்தார். ஐசியூ டாக்டர் அவரைப் பார்த்து, "ஏங்க்கா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. இதை எழுதக் கை கூசுகிறது. நான் பல மாதமாக வேண்டிக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த அம்மாவைச் சென்னீர்குப்பத்தில் இருந்த ரத்தம் எடுக்கும் மையத்துக்கு மாற்றினார்கள். மைக்ராஸ்கோப் கிடையாது, இன்குபேட்டர் கிடையாது. ஊசி, ட்யூப், ஸ்டிக்கர்.

என் கண்ணாடி அறைக்கு எதிரே வேறொருவரின் முதுகு வந்தது. ஐசியூ டாக்டர் லேபுக்கு இறங்கி வருவது நின்றது. போன் என்னைக் கேட்டும் வரவில்லை. அந்த அம்மா போனால் அந்த இடம் எனக்கு வரும் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகு, எனக்குக் கண்புரை அறுவை ஆனது. ஒரு நாள் முழுக்க ஒரு கண்ணை மூடி வைத்திருந்தார்கள். காலையில் டம்ளரில் காபியை ஆற்றினேன். காபி டபராவுக்கு வெளியே மேசையில் விழுந்தது. மறுபடி ஆற்றினேன், மறுபடியும் வெளியே. மனைவி சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

"ஒரு நாளுக்கே இந்தக் கூத்தா. நாளைக்குக் கழட்டிடுவாங்க, விடுங்க."

நான் சிரிக்கவில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் தெரியாது என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம். மயிரிழை அளவுக்கு இரும்பைச் சீவும் டர்னருக்கு அது என்ன ஆகும் என்று அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். நாளைக்குக் கழட்ட அவருக்கு ஒன்றும் இல்லை.

முதலில் கண்காணிப்பாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். விதி, அடித்த வரிகள், எடுக்காத போன், கூட்டத்தில் சொன்ன பொய். அந்தச் சனிக்கிழமையின் சிவப்புக் கோடு போட்ட வரைவை நான் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதன் நகலையும் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்துப் போனில் பேசினார்.

"சார், நீங்க பெரியவங்க. முடிஞ்சுபோன விஷயம். இப்ப எதுக்கு இதைக் கிளறணும்? உடம்பைப் பார்த்துக்குங்க."

அதனால் நானே சென்னீர்குப்பம் போனேன். நெடுஞ்சாலையோரம், டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இரண்டு அறை. லாரி போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு அதிரும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "அந்த அம்மாவே குத்தட்டும்னு சொல்லு. அது குத்துனா எறும்பு கடிச்சாப்ல கூட இருக்காது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோது எனக்குள் பழைய ஊசி ஒன்று குத்தியது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அவருக்குக் கிடைத்த ஒரு எறும்புக்கடிப் பாராட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "சார். சாப்பிடாம வந்தீங்களா?"

"ரத்தம் குடுக்க வரலம்மா. பேச வந்தேன்."

வரிசை முடியும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ப்ளேட்டை நான் தப்பாப் படிச்சிட்டேன்னு நினைச்சேன் சார்," என்றார் கடைசியில். "நீங்க மறுபடி போடச் சொன்னீங்க. அப்புறம் ரிப்போர்ட்ல அந்த வரி இல்ல. எங்கயோ என் பக்கம் ஓட்டை இருக்குன்னுதான் நினைச்சேன். அந்தப் பழைய இன்குபேட்டர்ல சூடு சரியா இருந்துச்சான்னு இன்னைக்கும் யோசிப்பேன்."

"சரியா இருந்தது. நீ சரியாத்தான் படிச்சே. நான் நம்பினேன். நம்பினதாலதான் அடிச்சேன்."

"நம்பலைன்னா பரவால்லையா இருந்திருக்கும் சார்," என்றார்.

கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அந்தப் பேஷன்ட்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க? அங்க போங்க."

அந்த வாரமே முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். டர்னரே கதவைத் திறந்தார். லேத்திலிருந்து எடுத்து அவரை அதே பட்டறையில் சாமான் அறைக்கு மாற்றியிருந்தார்கள். போல்ட் எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலை.

"வா சார், உள்ள வா. ஆஸ்பத்திரி லேப்பா? இன்னா விசயம், மறுக்கா ப்ளட்டு எடுக்கணுமா?"

அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். கடினமான சொற்கள் இல்லாமல் சொன்னேன்: எந்த மருந்து கேட்காது என்று லேபில் சனிக்கிழமையே தெரியும், எழுதியும் வைத்திருந்தார்கள், நான் அடித்துவிட்டேன், திங்கட்கிழமைதான் சொன்னேன்.

"தெரிஞ்சும் சொல்லலியா நீ?" என்றார் மனைவி. உக்காருங்க என்ற அதே வாய்.

"தெரிஞ்சும் சொல்லல."

"இன்னாத்துக்கு?"

"அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லன்னு."

டர்னர் முகத்தை இடதுபுறம் முழுக்கத் திருப்பி வலது கண்ணால் என்னைப் பார்த்தார். "இப்போ இன்னாத்துக்கு வந்து சொல்ற?"

"ரெண்டு வருஷமா எனக்கு நிம்மதி இல்ல."

"ஒனக்கு நிம்மதி இல்லன்னு என்கைல வந்து சொல்றியா." அவர் குரல் உயரவில்லை. "கேட்டியாம்மே, சாருக்கு நிம்மதி இல்லியாம்."

அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன்தான். சொன்னபடியே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதையும் வரைவையும் அவரிடம் கொடுத்தேன். மருத்துவக் கவுன்சிலில் என் மேல் புகார் கொடுக்கலாம், நான் மறுக்க மாட்டேன் என்றேன். தாளை வாங்கி மனைவியிடம் நீட்டினார். பிறகு வேறு எதையோ யோசித்தார்.

"அங்க கீற டாக்டருங்கோ சொன்னாங்கோ, லேப்புல ஒரு அம்மா போன் பண்ண மறந்துட்ச்சு, அதான் லேட்டுன்னு. ரெண்டு வருசமா அந்த அம்மாவைத் திட்டிகினு கீறேன் சார் நானு. பேரு கூடத் தெரியாது. காலைல மூஞ்சி கழுவுறப்போ தெனம் திட்டுவேன்."

"பாவம்," என்றார் மனைவி, "பொறை ஏறியே பாதி செத்துருக்கும் அது."

டர்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வாய் கோணியது, ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று அவர் முகம் சொன்னது.

"எங்க கீது அந்த அம்மா இப்போ?"

சென்னீர்குப்பம், டயர் கடை, பரோட்டாக் கடை எல்லாம் சொன்னேன். மனைவி அதை என் வாக்குமூலத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். எனக்குத் தண்ணீர் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

புகார் போனது. கவுன்சில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் என்று பதில் எழுதினேன். ஆறு மாதம் என் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். தொழில் செய்யாத கிழவனுக்கு அது பெரிய தண்டனை இல்லை. புகார் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த அம்மாவைப் பழைய மேசைக்கே திரும்பக் கூப்பிட்டார்கள். வார்டுக்குப் போகும் குறிப்பு தன் பெயரிலேயே போக வேண்டும், யாரும் அடிக்கக் கூடாது என்று அவர் கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்களாம். இப்போது ஈஸ்ட் எல்லாவற்றுக்கும் மருந்துச் சோதனை செய்கிறார்கள். டர்னர் இன்னும் போல்ட்தான் எண்ணுகிறார்.

இதையெல்லாம் அந்த அம்மாவே ஒரு முறை போன் செய்து சொன்னார். அளவாகப் பேசினார். கூடவே ஒன்று சொன்னார். நான் முத்தாபுதுப்பேட்டை போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் டர்னரும் மனைவியும் நின்றிருந்தார்களாம். வீட்டை எப்படித்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார்களோ. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்கள். டர்னர் திட்டினதுக்கெல்லாம் மன்னிச்சிக்கோ என்று சொல்லி அழுதிருக்கிறார். மதியம் அங்கேயே சாப்பிட்டுப் போனார்களாம். இப்போது டர்னர் சர்க்கரை பார்க்கவும் அந்த அம்மாவைத் தேடித்தான் வருகிறார்.

"நல்லதும்மா," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நல்லதுதான். ஆனால் அந்த வாழைப்பழம் இரண்டு நாள் என் மனதை விட்டுப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டவர் கண்ணிழந்தவர், கேட்கப்பட்டவர் அந்த அம்மா. அந்தச் சாப்பாட்டில் எனக்கு இலை இல்லை. இருக்கக் கூடாது. என்றாலும் என் வீட்டுக்கு யாராவது ஒரு நாள் வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதையும் எழுதாமல் விட்டால் இது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது.